சோலார் பேனலுக்குள் குடியேறிய தொழில்கள்

குண்டு பல்பு உலகச் சந்தையிலிருந்து விடைபெற்றபோது, அதற்கு டங்ஸ்டன் இழை செய்து தந்த ஆலைகளும் கதவை மூடியிருக்க வேண்டும். சீனாவின் சியாமென் நகரத்தில் இருக்கும் டங்ஸ்டன் நிறுவனம் அப்படி மூடவில்லை. கடினமான ஓர் உலோகத்தை அறாமல், சீராக, மெல்லிசாக இழுக்கும் வித்தை அதன் கையில் இருந்தது. அதை அது சோலார் துறைக்குக் கொண்டுபோனது. சிலிக்கான் கட்டிகளைத் தகடுகளாக அறுக்க வைரத்துகள் பதித்த கம்பிகளைப் பயன்படுத்துகிறார்கள். அந்தக் கம்பியின் உள்ளுடலாக எஃகுக்குப் பதில் இப்போது டங்ஸ்டன் வரத் தொடங்கியிருக்கிறது. எஃகுக் கம்பி சுமார் 35 மைக்ரான் அளவில், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 35 பங்கு கனத்தில், திணறத் தொடங்குகிறது. டங்ஸ்டன் 30 மைக்ரானுக்குக் கீழே போனாலும் தாங்குகிறது. கம்பி எவ்வளவு மெலிகிறதோ அவ்வளவு குறைவான சிலிக்கான் தூளாகி வீணாகும்.

சோலார் பேனலின் விலை 1980க்கும் 2012க்கும் இடையில் ஏறத்தாழ 97 விழுக்காடு சரிந்தது. அதற்குப் பிறகும் சரிவு நிற்கவில்லை. காரணம் கேட்டால் மூன்று விடைகள் வழக்கமாக வரும்: ஜெர்மனி கொடுத்த மானியம், சீனா கட்டிய பிரமாண்ட ஆலைகள், ஆய்வகங்கள் உயர்த்திய மின்கலத் திறன். மூன்றும் உண்மைதான். ஆனால் பேனலுக்குள் இருக்கும் ஒவ்வொரு பொருளையும், அதைச் செய்த ஒவ்வொரு இயந்திரத்தையும் எடுத்து, 'இது முதலில் யாருக்காகச் செய்யப்பட்டது?' என்று கேட்டுப் பார்த்தால் வேறொரு வரலாறு புலப்படும். தொலைபேசி, எண்ணெய்க் கிணறு, கார் டயர், கைக்கடிகாரம், கணினிச் சில்லு, தொலைக்காட்சித் திரை, செருப்பு அடிப்பாகம் என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத தொழில்கள் வரிசையாக வந்து நிற்கும். சோலார் துறை தானாகக் கண்டுபிடித்ததைவிட, அயலாரிடமிருந்து வாங்கித் தன் தேவைக்கேற்ப மாற்றிக்கொண்டது அதிகம். அப்படி வாங்கியதில் எது தேறியது, எது தேறவில்லை, ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. பேனல் ஆலைகளைக் கட்டிக்கொண்டிருக்கும் இந்தியாவுக்கு இந்தக் கேள்வி ஏட்டளவில் நிற்பதல்ல.

பொருளியல் அறிஞர்கள் இதை நெடுநாளாக விவாதித்து வருகிறார்கள். ஒரே தொழிலைச் செய்பவர்கள் அருகருகே இருந்தால் அறிவு கசிந்து பரவும் என்றார் ஆல்ஃபிரட் மார்ஷல். வெவ்வேறு தொழில்கள் கலந்து கிடக்கும் நகரத்தில்தான் புதியவை பிறக்கும் என்று 1969இல் வாதிட்டார் ஜேன் ஜேக்கப்ஸ். எனக்கு இவர்கள் இருவரையும்விடப் பயன்பட்டவர் நேதன் ரோசன்பர்க். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவின் இயந்திரத் தொழிலைப் பற்றி அவர் 1963இல் எழுதிய கட்டுரையில், துப்பாக்கி செய்வதற்காக வளர்ந்த உலோகம் கடையும் இயந்திரங்கள் தையல் இயந்திரத்துக்கும், பிறகு சைக்கிளுக்கும், கடைசியில் காருக்கும் எப்படிப் போயின என்று காட்டினார். துப்பாக்கிக்காரரும் சைக்கிள்காரரும் ஒருவரோடொருவர் பேசியதே இல்லை. இரண்டு பேருக்கும் இயந்திரம் விற்றவர்தான் ஓரிடத்தில் கற்றதை இன்னோரிடத்தில் இறக்கினார். நம் காலத்தில் கிரகரி நெமெட் அமெரிக்கக் காப்புரிமைகளையும் அவை சுட்டும் முந்தைய காப்புரிமைகளையும் ஆராய்ந்து 2012இல் ஒரு முடிவை வெளியிட்டார். ஆற்றல் துறையில் மதிப்பு மிகுந்த கண்டுபிடிப்புகள், துறைக்கு வெளியிலிருந்த அறிவில் கூடுதலாகச் சாய்ந்திருந்தன. காப்புரிமை சொல்வது பாதிக் கதைதான். மீதிப் பாதி பட்டறையில் இருக்கிறது.

சிலிக்கான் மின்கலத்தின் பிறப்பே ஒரு தொலைபேசிப் பிரச்சினைதான். வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளின் ஒதுக்குப்புறங்களில் தொலைபேசிக் கருவிகளுக்கு வைத்த உலர் மின்கலங்கள் சீக்கிரம் கெட்டுப்போயின. மாற்று தேடும் வேலை பெல் ஆய்வகத்தின் டேரில் சாப்பினிடம் வந்தது. அவர் முதலில் செலீனியத்தை முயன்றார். சூரிய ஒளியில் ஒரு விழுக்காட்டைக்கூட அது மின்சாரமாக மாற்றவில்லை. அதே கட்டடத்தில் டிரான்சிஸ்டர் ஆராய்ச்சிக்காக, சிலிக்கானுக்குள் மாசணுக்களை அளந்து செலுத்தும் முறையை வேதியியலாளர் கால்வின் ஃபுல்லர் பழகியிருந்தார். இயற்பியலாளர் ஜெரால்ட் பியர்சன் அந்தச் சிலிக்கானில் ஒளி பட்டால் மின்னோட்டம் கிளம்புவதைக் கண்டு, செலீனியத்தோடு காலத்தை வீணாக்க வேண்டாம் என்று சாப்பினிடம் சொன்னார். 1954 ஏப்ரலில் சுமார் ஆறு விழுக்காடு திறனுள்ள மின்கலம் உலகுக்குக் காட்டப்பட்டது. மூவரும் மூன்று வெவ்வேறு வேலைகளில் இருந்தவர்கள். ஒரே கூரைக்குக் கீழே இருந்ததால் அந்தப் பேச்சு நடந்தது.

விலை மட்டும் யாருக்கும் கட்டுப்படியாகவில்லை. விண்வெளித் துறை கைகொடுத்தது. 1958 மார்ச்சில் ஏவப்பட்ட வான்கார்டு 1 செயற்கைக்கோளின் வானொலி சோலார் மின்கலத்தில் 1964 வரை ஒலித்தது. அந்தத் துறையின் பழக்கமோ எடையைப் பார்ப்பது, திறனைப் பார்ப்பது. விலை அங்கே கடைசிக் கேள்வி. தரைக்கு வேண்டிய மின்கலம் அந்த வழியில் வந்திருக்க முடியாது.

அது வந்தது ஓர் எண்ணெய் நிறுவனத்தின் பணத்தில். எலியட் பெர்மன் என்ற வேதியியலாளர் எக்ஸான் ஆதரவில் 1973இல் சோலார் பவர் கார்ப்பரேஷனைத் தொடங்கினார். கணினிச் சில்லு செய்பவர்கள் தரம் போதாது என்று ஒதுக்கிய சிலிக்கான் தகடுகளை, அதாவது வேஃபர்களை, அவர் மலிவாக வாங்கினார். சில்லுக்குக் குறையாகத் தெரிந்தது சூரிய ஒளிக்குக் குறையே இல்லை. விண்வெளிக்காரர்கள் வட்ட வேஃபர்களை நான்கு பக்கமும் வெட்டிச் சதுரமாக்கி நெருக்கி அடுக்குவார்கள். பெர்மன் வட்டத்தை வட்டமாகவே விட்டார். மெருகேற்றுவதையும் விட்டார். முன்பக்கம் அக்ரிலிக், பின்பக்கம் மின்னணுச் சுற்றுப் பலகை, நடுவில் சிலிகோன் ரப்பர். வாட்டுக்கு 100 டாலர் வாக்கில் இருந்த விலை 20 டாலருக்கு இறங்கியது. முதல் பெரிய வாடிக்கையாளரும் எண்ணெய்த் துறைதான். மெக்சிகோ வளைகுடாவின் எண்ணெய் மேடைகளில் கப்பல்களை எச்சரிக்கும் விளக்குக்கும் ஊதலுக்கும் கனமான பேட்டரிகளைப் படகேற்றிக் கொண்டுபோய் மாற்றிக்கொண்டிருந்தவர்களுக்கு, 20 டாலர் சோலார் லாபமாகவே இருந்தது.

பெர்மன் செய்ததில் எல்லாவற்றையும்விட முக்கியமானது, கடன் வாங்கிய அறிவிலிருந்து வேண்டாததைக் கழித்த துணிச்சல். சில்லுத் தொழில் தூய்மையையும் மெருகையும் போற்றிய தொழில். அந்த மரியாதையோடு சேர்த்து அதை எடுத்துக்கொண்டிருந்தால் சோலார் மலிந்திருக்காது. 'நமக்கு எவ்வளவு போதும்?' என்று புதிதாகக் கேட்க ஒருவர் வேண்டியிருந்தார். இந்தக் கேள்வி கேட்கப்பட்ட இடங்களில் அறிவு மாற்றம் தேறியது, கேட்கப்படாத இடங்களில் கவிழ்ந்தது என்று இந்த வரலாற்றைப் படிக்கப் படிக்க எனக்கு உறுதிப்படுகிறது.

வெள்ளிக் கோடுகளை எடுத்துக்கொள்வோம். பேனலைக் கிட்டத்தில் பார்த்தால் ஒவ்வொரு மின்கலத்தின் மேலும் மெல்லிய சாம்பல் நிறக் கோடுகள் நெருக்கமாக ஓடும். மின்னோட்டத்தைத் திரட்டும் வாய்க்கால்கள் அவை. விண்வெளிக் காலத்தில் வெற்றிட அறைக்குள் உலோகத்தை ஆவியாக்கிப் படிய வைத்துத்தான் இவற்றைச் செய்தார்கள். மெதுவான, செலவு பிடிக்கும் வேலை. 1970களின் நடுவில் கலிஃபோர்னியாவின் ஸ்பெக்ட்ரோலேப் நிறுவனம் ஸ்கிரீன் பிரிண்டிங்கை உள்ளே கொண்டுவந்தது. கல்யாணத் தாம்பூலப் பையில் மணமக்கள் பெயரை அச்சடிக்கிறார்களே, அதே முறை. சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலை, வலையில் திறந்திருக்கும் கோடுகள், மேலே பசை, அதை இழுத்துத் தேய்க்கும் ரப்பர் விளிம்பு. மின்னணுத் தொழில் ஏற்கனவே இந்த முறையால் பீங்கான் தகடுகளில் மின்சுற்றுகளை அச்சடித்துப் பழகியிருந்தது. டூபான்ட் போன்ற நிறுவனங்கள் அதற்கான வெள்ளிப் பசையையும் விற்றுக்கொண்டிருந்தன.

இங்கேதான் உள்வேலை தொடங்குகிறது. அச்சடித்த பசை காய்ந்த பிறகு, மின்கலம் ஒரு பட்டைமேல் ஏறி 800 டிகிரி செல்சியஸ் வாக்கில் கொதிக்கும் உலைக்குள் சில வினாடிகள் போய் வருகிறது. பசைக்குள் வெள்ளித் துகளோடு ஈயம் கலந்த கண்ணாடித் தூளும் இருக்கிறது. மின்கலத்தின் முகத்தில் ஒளி பிரதிபலிக்காமல் இருக்கப் பூசிய சிலிக்கான் நைட்ரைடு படலம், ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான கனம், வழியை மறித்துக்கொண்டிருக்கிறது. உருகிய கண்ணாடி அதைத் தின்று துளைத்துச் சிலிக்கானை எட்டுகிறது. பின்னாலேயே வெள்ளி வந்து சிலிக்கானைத் தொட்டுப் படிகமாகிறது. இரண்டு வினாடி கூடினால் கண்ணாடி ஆழமாகப் போய், மின்சாரம் பிறக்கும் சந்தியைக் கெடுக்கும். குறைந்தால் வெள்ளி தொடாது. இந்தச் சமையல் பீங்கான் தகட்டில் வேலை செய்தவர்களுக்குத் தெரியாதது. அவர்களுடைய பசையை வாங்கி, சோலார்காரர்களும் பசை வேதியியலாளர்களும் பல ஆண்டுகள் உட்கார்ந்து சோதித்துத்தான் இது பக்குவப்பட்டது. 100 மைக்ரானுக்கு மேல் அகலமாக இருந்த கோடுகள் இன்று அதில் நாலில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கின்றன. கோடு சுருங்கினால் நிழலும் குறையும், வெள்ளியும் மிச்சமாகும்.

இந்த அச்சு இயந்திரங்களை உலகமெங்கும் விற்ற பெயர்களில் ஒன்று இத்தாலியின் ட்ரெவிசோ அருகிலுள்ள பாச்சினி. ஜெர்மனியின் சென்ட்ரோதெர்ம், மாசணு செலுத்தும் உலைகளை விற்றது. 2000இல் ஜெர்மனியின் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சட்டம் சந்தையைத் திறந்தபோது இவர்கள் வளர்ந்தார்கள். பிறகு சீன ஆலைகள் இவர்களிடம் வரிசையாக இயந்திரம் வாங்கின. ரோசன்பர்க் சொன்ன இயந்திர வியாபாரியின் வேலைதான் அது. ஓர் ஆலையில் வந்த கோளாறைச் சரிசெய்யக் கற்றது, அடுத்த ஆலைக்குப் போகும் இயந்திரத்தில் ஏறிக்கொண்டது.

அறுக்கும் கதை இன்னும் நெடியது. ஆரம்பத்தில் வளைய வடிவ ரம்பத்தால் சிலிக்கான் கட்டியை ஒவ்வொரு தகடாக அறுத்தார்கள். கம்பி ரம்பம் வந்த பிறகு நூற்றுக்கணக்கான தகடுகள் ஒரே இழுப்பில் வரத் தொடங்கின. பல நூறு கிலோமீட்டர் நீளமுள்ள ஒரே கம்பி, பள்ளம் வெட்டிய உருளைகளின் மேல் சுற்றிச் சுற்றி ஓடி, இணையான கம்பிகளால் ஆன ஒரு வலைபோல நிற்கும். சிலிக்கான் கட்டி மேலிருந்து மெல்ல அதன்மேல் இறங்கும். கம்பியின்மேல் கிளைக்கால் திரவமும் சிலிக்கான் கார்பைடுத் துகளும் கலந்த குழம்பு வழிந்துகொண்டே இருக்கும். கம்பி துகளைச் சுமந்து செல்கிறது, அறுப்பது துகள்தான். இந்த ரம்பங்களைச் செய்தவர்களில் முன்னணியில் இருந்தவர்கள் சுவிட்சர்லாந்தில்: லோசான் பக்கத்திலிருந்த எச்.சி.டி., துன் நகரத்தின் மேயர் பர்கர். மேயர் பர்கர் 1953இல் கைக்கடிகாரத்துக்குள் வைக்கும் சிறு மாணிக்கக் கற்களைத் தீட்டும் இயந்திரம் செய்யத் தொடங்கிய நிறுவனம். கடினமான, எளிதில் நொறுங்கும் பொருளைச் சேதமில்லாமல் கையாளும் பக்குவம் அங்கே இருந்தது.

கம்பி எங்கிருந்து வந்தது? கார் டயரிலிருந்து. ரேடியல் டயருக்குள் எஃகு இழைகள் இருக்கும். ரப்பர் பற்றிக்கொள்வதற்காக அவற்றின்மேல் பித்தளை பூசுவார்கள். கம்பியை அச்சுக்குள் இழுத்து மெலியவைக்கும்போது அந்தப் பித்தளையே வழுக்கலும் தரும். பெல்ஜியத்தின் பெகார்ட் போன்ற டயர்க் கம்பி நிறுவனங்களே ரம்பக் கம்பியையும் இழுத்தன. ரப்பரே இல்லாத சோலார் ஆலையில் ஓடிய கம்பியின்மேலும் பித்தளை இருந்தது. பிறந்த வீட்டுச் சீதனமாகக் கூடவே வந்தது அது.

ஆனால் குழம்பு ரம்பத்தில் வேஃபர் 180 மைக்ரான் என்றால், கம்பியின் கனமும் துகளும் சேர்ந்து ஏறத்தாழ அதே அளவு சிலிக்கானைத் தூளாக்கின. பெரும் செலவில் தூய்மைப்படுத்திய பொருளில் பாதிக்கு அருகே சகதியாகப் போனது. விடை வைரத்துகளைக் கம்பியிலேயே நிக்கல் முலாமால் பதித்துவிடுவது. எல்.இ.டி. விளக்குக்கான செயற்கை நீலக்கல்லை அறுக்க இந்தக் கம்பி ஏற்கனவே புழக்கத்தில் இருந்தது. சோலாருக்கு அது வந்தபோது யாரும் எதிர்பாராத ஒரு விளைவு ஏற்பட்டது. பல படிகங்கள் கலந்த மலிவுச் சிலிக்கானுக்கு, குழம்பு ரம்பம் விட்டுச் சென்ற சொரசொரப்பு தேவைப்பட்டது. அமிலத்தில் முக்கும்போது ஒளியை உள்வாங்கும் பள்ளங்கள் அந்தச் சொரசொரப்பிலிருந்துதான் உருவாயின. வைரக் கம்பி மழமழவென்று அறுத்தது, அமிலம் பிடிக்கவில்லை. ஒற்றைப் படிகச் சிலிக்கானை அரிக்கக் காரம் போதும், அதற்கு இந்தத் தொல்லை இல்லை. சீனாவின் லோங்கி போன்ற நிறுவனங்கள் வேகமாக வைரக் கம்பிக்கு மாறின. 2016 வாக்கில் சந்தையில் பாதிக்கு மேல் வைத்திருந்த பல படிகச் சிலிக்கான், ஐந்தாறு ஆண்டுகளில் ஏறக்குறைய மறைந்தே போனது. இதை ஒரு வரியில் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. நீலக்கல் அறுக்கும் தொழிலிலிருந்து வந்த ஒரு கம்பி, சோலார் துறையின் அடிப்படைப் பொருள் எது என்பதையே தீர்மானித்திருக்கிறது. வெளியிலிருந்து வரும் அறிவு ஒரு குறையைத் தீர்த்துவிட்டு ஒதுங்குவதில்லை. வீட்டையே மாற்றி அடுக்கிவிடும்.

இனி கவிழ்ந்த கதை. 1975இல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் வால்டர் ஸ்பியரும் பீட்டர் லெகோம்பரும் படிகமற்ற சிலிக்கானுக்கும் மாசணு செலுத்தி மின்குணத்தைக் கட்டுப்படுத்தலாம் என்று காட்டினார்கள். அடுத்த ஆண்டே அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. ஆய்வகத்தில் டேவிட் கார்ல்சனும் கிறிஸ்டோபர் வ்ரான்ஸ்கியும் அதில் மின்கலம் செய்தார்கள். ஜப்பானின் சான்யோ அதைக் கால்குலேட்டருக்குள் வைத்து வீடுதோறும் சேர்த்தது. அதே பொருள் தட்டைத் திரைகளுக்குள் டிரான்சிஸ்டராகப் போய், பெரிய பெரிய கண்ணாடிகளின்மேல் சீராகப் படலம் பூசும் இயந்திரங்களை வளர்த்தது. 2007இல் அப்ளைட் மெட்டீரியல்ஸ் அந்தத் திரை இயந்திரங்களைச் சோலாருக்குத் திருப்பியது. சன்ஃபேப் என்று பெயர். 5.7 சதுர மீட்டர் கண்ணாடி, தொடங்கியவுடன் ஓடும் முழு ஆலை. சோலாருக்காக எடுத்த பொருள், திரைத் தொழிலில் வளர்ந்து, பெரிய ஆளாகத் திரும்பி வந்ததுபோல் இருந்தது.

முதலில் வாங்கியவர்களில் ஒருவர் இந்தியாவின் மோசர் பேயர். 1983இல் ஆலைகளுக்கு நேரம் பதியும் கருவி செய்யத் தொடங்கி, ஃப்ளாப்பி, சி.டி., டி.வி.டி. என்று வளர்ந்து உலகின் பெரிய ஒளித்தட்டு உற்பத்தியாளர்களில் ஒன்றான நிறுவனம். தட்டின்மேல் மெல்லிய படலம் பூசி, கோடிக்கணக்கில், காசுக்கணக்கில் செலவைக் குறைத்துச் செய்யத் தெரிந்தவர்கள் அவர்கள். ஒளித்தட்டிலிருந்து படலச் சோலாருக்குப் போவது இயல்பான நகர்வாகத்தான் தெரிந்தது. 2008இல் மின்கலத்தின் மூலப்பொருளான பாலிசிலிக்கான் கிலோ 400 டாலரைத் தாண்டியிருந்த நிலையில், சிலிக்கானே அதிகம் வேண்டாத படலம் புத்திசாலித்தனமான பந்தயம். ஆனால் 2009 முடிவதற்குள் அந்த விலை ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே விழுந்தது. படிகமற்ற சிலிக்கானின் திறன் ஒற்றை இலக்கத்திலேயே நின்றது. வெயிலில் வைத்தால் தொடக்கத்தில் இன்னும் சற்றுக் குறையவும் செய்யும். குறைந்த திறன் என்றால் அதே மின்சாரத்துக்குக் கூடுதல் இடம், கூடுதல் தாங்கி, கூடுதல் வயர். 2010 ஜூலையில் அப்ளைட் மெட்டீரியல்ஸ் சன்ஃபேப் விற்பனையைக் கைவிட்டது. மோசர் பேயரை 2018இல் கலைக்க உத்தரவானது.

விலைச் சரிவை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போகலாம். எனக்கு இன்னொன்றும் தெரிகிறது. தொலைக்காட்சித் திரைக்குச் சதுர மீட்டருக்கு ஈடாகக் கிடைக்கும் பணம் வேறு, சோலாருக்குக் கிடைப்பது வேறு. திரைக்காகச் செய்த இயந்திரம் அந்தப் பணத்தை நம்பி வடிவமைக்கப்பட்டது. பெர்மன் கழித்ததுபோல யாரும் அதிலிருந்து கழிக்கவில்லை. இருந்ததை இருந்தபடியே, இன்னும் பெரிதாக்கிக் கொண்டுவந்தார்கள். வாங்கிய ஆலைகளுக்கும் அது மூடிய பெட்டியாக வந்தது. உள்ளே கைவைத்து மாற்றும் உரிமையும் பழக்கமும் அவர்களிடம் இல்லை.

எதிர்த்திசையில் போன ஒருவரைப் பார்க்கலாம். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்துத் தொலீடோ, கண்ணாடிக்குப் பேர்போன ஊர். அங்கே கண்ணாடியைச் சூடாக்கி, வளைத்து, உறுதியேற்றும் இயந்திரங்களில் நூற்றுக்கு மேற்பட்ட காப்புரிமை பெற்றவர் ஹெரால்ட் மெக்மாஸ்டர். 1984இல் சோலாருக்குள் வந்தார். அவரும் படிகமற்ற சிலிக்கானில்தான் தொடங்கினார். அது சரிப்படாது என்று கண்டதும் கைவிட்டார். 1990இல் காட்மியம் டெல்லுரைடு என்ற சேர்மத்துக்கு மாறினார். ஏறத்தாழ 600 டிகிரிச் சூட்டில் உருளைகளின்மேல் ஓடிக்கொண்டிருக்கும் கண்ணாடியின்மேல் அந்தப் பொருளை ஆவியாக்கிப் படியவைப்பது அவருடைய வழி. சூடான கண்ணாடி தொய்யாமல், விரிசல் விடாமல் ஓடுவது எப்படி என்பது வாழ்நாள் முழுக்க அவர் செய்த வேலை. மின்கலத்தைக் கண்ணாடித் தொழிலின் கண்ணால் பார்த்தவர். 1999இல் அந்த நிறுவனம் கைமாறி ஃபர்ஸ்ட் சோலார் ஆனது. 2024 ஜனவரியில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பிள்ளைப்பாக்கத்தில் 3.3 கிகாவாட் ஆலையைத் திறந்ததும் அந்த நிறுவனம்தான். தொலீடோவின் கண்ணாடி அறிவு அப்படித்தான் காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

பேனலுக்கு வெளியே இன்வெர்ட்டரிலும் இதே தடம் உண்டு. நேர் மின்னோட்டத்தை வீட்டுக்கு வேண்டிய மாறு மின்னோட்டமாக்கும் வேலையைப் பெரும்பாலும் ஐ.ஜி.பி.டி. என்ற மின்னணுச் சுவிட்சு செய்து வந்திருக்கிறது. சென்னையில் 1948இல் பிறந்து இங்கேயே ஐ.ஐ.டி.யில் படித்த ஜெயந்த் பாலிகா, ஜெனரல் எலெக்ட்ரிக்கில் 1980ஐ ஒட்டி அதை உருவாக்கினார். அங்கே அப்போதைய தேவை மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது. ரயிலுக்கும், காற்றாலைக்கும், சோலாருக்கும் அது பிறகு போனது. 2024இல் ஃபின்லாந்தின் மில்லெனியம் தொழில்நுட்பப் பரிசு அவருக்குக் கிடைத்தது.

மனிதர்கள் வழியாக அறிவு நகர்ந்த கதையில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்துக்குத் தனி இடம். மார்ட்டின் கிரீன், ஆண்ட்ரூ பிளேக்கர்ஸ் குழு 1989இல் வெளியிட்ட பின்புறப் பாதுகாப்பு மின்கலம், பெர்க், இருபத்தைந்து ஆண்டுகள் ஆய்வகத்திலேயே கிடந்தது. அதன் பின்புறத்துக்கு அலுமினியம் ஆக்சைடு பொருந்தும் என்பதும், அதை மலிவாகப் பூசலாம் என்பதும் பிறகே தெளிந்தன. அதைப் பூச உதவும் அணு அடுக்குப் பூச்சு முறையை 1970களில் ஃபின்லாந்தில் துவோமோ சுந்தோலா ஒளிரும் பலகைகளுக்காக உருவாக்கியிருந்தார். பெர்க் ஆலைக்குப் போக அந்த முறையும் உதவியது. கிரீனிடம் 1992இல் முனைவர் பட்டம் பெற்ற ஷி செங்ரோங் 2001இல் வூஷி நகரத்தில் சன்டெக்கைத் தொடங்கினார். எந்த ஆலையில் என்ன கோளாறு வரும் என்று முன்கூட்டியே தெரிந்த ஆட்கள் அவரோடு இருந்தார்கள். இயந்திரத்தை விற்பவர் தராத அறிவு அது.

பொதுப் பணம் இந்த ஓட்டத்தை எப்படித் திறந்துவிடலாம் என்பதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த உதாரணம் 1975 முதல் 1986 வரை அமெரிக்காவின் ஜெட் உந்து ஆய்வகம், ஜே.பி.எல்., நடத்திய சோலார் பேனல் திட்டம். செயற்கைக்கோள் செய்பவர்கள் அவர்கள். ஒரு பாகம் எப்படிச் சாகும் என்று முன்கூட்டியே யோசிப்பது அவர்கள் தொழில். ஐந்து தவணைகளாக நிறுவனங்களிடம் பேனல் வாங்கினார்கள். சூட்டிலும் குளிரிலும் மாற்றி மாற்றி வைத்தார்கள், ஈரத்தில் வைத்தார்கள், பனிக்கட்டி உருண்டைகளால் அடித்தார்கள். எது எங்கே உடைந்தது என்பதைப் போட்டியாளர்கள் எல்லாரும் உட்கார்ந்த கூட்டத்தில் வெளிப்படையாகப் பேசினார்கள், அச்சிட்டும் கொடுத்தார்கள். ஒவ்வொரு தவணையிலும் நிபந்தனை இறுகியது. கார் முன்கண்ணாடியின் நடுவே வைக்கும் பி.வி.பி. படலம் பேனலுக்குள்ளும் இருந்தது. ஈரத்தை உறிஞ்சும் அதற்கு மாற்றாக, செருப்பு அடிப்பாகத்திலும் பொட்டலத் தாளிலும் புழங்கிய ஈ.வி.ஏ. என்ற பிளாஸ்டிக், ஒளியைத் தாங்கும் மருந்துகள் சேர்த்து உருவாக்கப்பட்டது. இன்றுவரை வந்த பேனல்களில் பெரும்பகுதி அதில்தான் பொதிந்திருக்கிறது. தோல்வி ரகசியமாக இருந்திருந்தால் பிளாஸ்டிக் வேதியியலாளருக்கு இந்த வேலை இருப்பதே தெரிந்திருக்காது.

இந்தியாவின் இன்றைய முயற்சி பெரும்பாலும் ஆலைகளைக் கட்டுவதில் இருக்கிறது. உற்பத்தி ஊக்கத்தொகை தருகிறார்கள், பேனல் இறக்குமதியைக் கட்டுப்படுத்துகிறார்கள். கங்கைகொண்டானில் டாட்டா பவரின் மின்கல ஆலை ஓடுகிறது. இதெல்லாம் நல்லதே. ஆனால் கம்பியும், வெள்ளிப் பசையும், படிகம் இழுக்கும் உலையும், அதற்கான குவார்ட்ஸ் கலமும் பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகின்றன. பெரிய வேஃபர் செய்யும் தொழில்நுட்பத்தை ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கும் யோசனையைச் சீன அரசு 2022 இறுதியில் முன்வைத்தது. இயந்திரத்தோடு அறிவும் கப்பலேறி வரும் என்று இனி நம்பியிருக்க முடியாது. அப்படி வந்தாலும் மூடிய பெட்டியாக வந்தால் என்ன ஆகும் என்பதை மோசர் பேயரிடம் பார்த்தோம்.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் டயர் ஆலையும் கண்ணாடி ஆலையும் மின்னணு ஆலையும் சோலார் ஆலையும் அருகருகே நிற்கின்றன. கோவையில் மோட்டார், பம்பு செய்பவர்கள் இருக்கிறார்கள். இந்தக் கட்டுரையில் வந்த தொழில்களில் பலவும் தமிழ்நாட்டில் இருக்கின்றன என்பது எனக்கு ஆறுதல் தருகிறது. ஆனால் ஒன்றின் தொல்லை மற்றதன் காதில் விழ ஓர் இடம் வேண்டும். மும்பை ஐ.ஐ.டி.யின் ஒளிமின் ஆய்வு மையமும் குருகிராமிலுள்ள தேசிய சூரிய ஆற்றல் நிறுவனமும் 2013 முதல் நாடு முழுக்கப் பேனல்களைச் சோதித்து அறிக்கை வெளியிட்டன. வெப்பமான பகுதிகளில் பேனல் வேகமாகத் தேய்கிறது, சிறிய மொட்டைமாடி அமைப்புகளின் நிலை பெரிய சோலார் பூங்காக்களைவிட மோசம் என்று அவை காட்டின. ஜே.பி.எல். செய்த வேலைக்கு நம்மிடம் உள்ள நெருங்கிய உறவு இதுதான். இது ஆண்டுதோறும் நடக்க வேண்டும். எந்த ஊரில், எந்தப் படலம், எத்தனை ஆண்டில் மஞ்சளானது என்பது பேனல் செய்பவரோடு நிற்காமல், பிளாஸ்டிக், பசை, கண்ணாடி செய்பவர்களும் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் ஆலையின் பெயரோடு வாசிக்கப்பட வேண்டும். அதற்கு ஆகும் செலவு ஓர் ஆலைக்குத் தரும் ஊக்கத்தொகையில் மிகச் சிறிய பங்காகத்தான் இருக்கும்.